ஒளியும் கண்ணீரும்: பரோக் காலச் சமய ஓவியங்களில் குறியீடும் மெய்ப்பாடும்

முன்னுரை

16ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவில் தழைத்திருந்த கலைப் பாணியைக் கலை வரலாற்றாசிரியர் 'பரோக்' என்று அழைப்பர். ஒழுங்கற்ற வடிவமுடைய முத்தைக் குறிக்கும் போர்த்துகேயச் சொல்லே இப்பெயருக்கு மூலம் என்பது பொதுவான கருத்து. இருளைக் கிழித்து வரும் ஒளி, இயக்கம் நிறைந்த உடல்கள், காண்போரை நேரடியாகத் தாக்கும் உணர்ச்சி ஆகியவை இப்பாணியின் சிறப்பியல்புகளாம்.

சீர்திருத்தத் திருச்சபையின் வழிவந்த நமக்கு இவ்வோவியங்களோடு என்ன தொடர்பு என்ற வினா எழலாம். உருவங்களை ஆலயத்திலிருந்து அகற்றிய மரபினர் நாம். ஆயினும் நாமும் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று பிரசங்க மேடையில் நின்று சிலுவைக் காட்சியைச் சொற்களால் சபையின் கண்முன் நிறுத்த முயல்கிறோம். சபையார் கண்ணீர் விடுகின்றனர். அக்கண்ணீர் மனந்திரும்புதலின் கனியா, அல்லது சொல்வன்மையால் விளைந்த ஒரு நேர உருக்கமா? விசுவாசத்தில் உணர்ச்சிக்குரிய இடம் யாது, அதற்குரிய எல்லை யாது என்னும் இக்கேள்வியை 17ஆம் நூற்றாண்டின் ஓவியர்கள் தம் தூரிகையால் ஆராய்ந்தனர். எனவே அவர்களுடைய அனுபவம் நமக்குப் பாடமாகக்கூடும்.

இரு சொற்களை முதலில் தெளிவுபடுத்துவோம். காணப்படும் ஒரு பொருள் காணப்படாத ஓர் உண்மையைச் சுட்டி நிற்பது குறியீடு. உள்ளத்து உணர்வு உடலின்மேல் புலப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டு வகையாகப் பகுத்துரைக்கும். பரோக் ஓவியர் தேடியது வெறும் உணர்ச்சியை அன்று. உடலில், கையில், முகத்தில் வெளிப்படும் உணர்வையே தேடினர். ஆதலால் மெய்ப்பாடு என்ற நம் பழஞ்சொல் இவ்வாய்வுக்கு நன்கு பொருந்துகிறது.

1. ஒரே ஆண்டில் இரு விடைகள்

1563ஆம் ஆண்டு இப்பொருளில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை, கல்லாதாருக்குப் புத்தகமாக இருக்கும்படி ஆலயங்களில் உருவங்களை அனுமதிக்கலாமா என்று 98ஆம் வினாவில் கேட்டு, கூடாது என்று விடை பகர்ந்தது. தேவன் தம் மக்களைப் பேச்சற்ற உருவங்களால் அல்ல, தம் வார்த்தையின் உயிருள்ள பிரசங்கத்தாலேயே போதிக்கச் சித்தங்கொண்டார் என்பது அதன் காரணம். அதே ஆண்டு டிசம்பரில் திரெந்துப் பொதுச்சங்கம் தன் 25ஆம் அமர்வில் இதற்கு மாறான முடிவை அறிவித்தது. உருவங்களுக்குச் செலுத்தும் மரியாதை அவை குறிக்கும் மூலத்தையே சேரும். மீட்பின் வரலாற்றை ஓவியங்களின் வாயிலாக மக்களுக்குக் கற்பிப்பது ஆயர்களின் கடமை. ஆனால் மூடநம்பிக்கையும் காமக் கவர்ச்சியும் அவற்றில் இடம்பெறலாகாது என்று அது தீர்மானித்தது.

சீர்திருத்தத் தந்தையரும் இப்பொருளில் ஒரே குரலில் பேசவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1522இல் விட்டன்பர்க் நகரில் சிலைகளை வன்முறையால் உடைக்க முற்பட்டோரை மார்ட்டின் லூத்தர் கண்டித்தார். கிறிஸ்துவின் பாடுகளைக் கேட்கும்போது சிலுவையில் தொங்கும் ஒருவரின் உருவம் என் உள்ளத்தில் தானாகவே தோன்றுகிறது, உள்ளத்தில் தோன்றுவது பாவமல்லவென்றால் கண்முன் இருப்பது எவ்வாறு பாவமாகும் என்பது பின்னர் அவர் முன்வைத்த வாதம். கால்வின் கடுமையானவர், தேவனை உருவத்தில் அடக்குவது அவருடைய மகிமையைச் சிதைப்பது என்றார். எனினும் சிற்பமும் ஓவியமும் தேவன் அருளிய கொடைகளே என்பதையும், காணக்கூடிய பொருள்களையும் வரலாற்று நிகழ்ச்சிகளையும் வரையலாம் என்பதையும் தம் பெருநூலின் முதற் புத்தகத்தில் அவர் ஒப்புக்கொண்டார்.

திரெந்துச் சங்கத்தின் தீர்மானத்தோடு இலொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளும் இணைந்தன. 1548இல் போப்பின் ஒப்புதல் பெற்ற அந்நூல், நற்செய்திக் காட்சியில் தானே நின்று காண்பதுபோலவும் கேட்பதுபோலவும் தியானிக்கப் பயிற்றுவித்தது. இவ்விரண்டும் பரோக் ஓவியம் வளர்வதற்கு ஏற்ற நிலமாயின.

2. ஒளி என்னும் குறியீடு

பழைய சமய ஓவியங்களில் புனிதர்களைப் பொன் ஒளிவட்டத்தால் அடையாளம் காட்டுவது வழக்கம். கரவாஜியோ (1571-1610) அவ்வட்டத்தைப் பெரும்பாலும் மெல்லிய கோடாகச் சுருக்கினார். சிலவேளை முற்றிலும் விலக்கினார். அதன் பணியை ஒளியே ஏற்றது.

1599-1600இல் ரோமாபுரியின் சான் லூயிஜி தே பிரான்செசி ஆலயத்துக்கு அவர் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இருண்ட அறையில் ஒரு மேசையைச் சூழ்ந்து சிலர் நாணயம் எண்ணுகின்றனர். அவர்கள் அணிந்திருப்பன ஓவியரின் காலத்து உடைகள். வலப்புறத்தில் நிற்கும் இயேசுவும் பேதுருவும் மட்டுமே பழங்கால ஆடையில், வெறுங்காலுடன் வருகின்றனர். சுவரில் ஒரு சன்னல் உண்டு; ஆனால் அதன் வழியே ஒளி வரவில்லை. ஒளி கிறிஸ்துவின் தலைக்கு மேலாகச் சாய்ந்து வந்து வரிவசூலிப்போர் முகங்களின்மேல் விழுகிறது. இயற்கையான வழி ஒன்றிருந்தும் அதன்வழி வராத ஒளி, மனிதனிடமிருந்து தோன்றாத கிருபையைக் காட்டுகிறது. மேலும், நீட்டப்பட்ட இயேசுவின் கை, சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ வரைந்த படைப்புக் காட்சியில் ஆதாம் நீட்டும் கையை ஒத்திருக்கிறது. இவரே இரண்டாம் ஆதாம் (1 கொரி. 15:45) என்ற உரை இங்குக் கையால் எழுதப்பட்டுள்ளது.

மேசையில் இருப்போருள் மத்தேயு யார்? தன்னையே சுட்டுவதுபோல் விரல் நீட்டும் தாடிக்காரர் என்பது மரபான விளக்கம். அவருடைய விரல் தலைகவிழ்ந்து பணம் எண்ணும் இளைஞனைச் சுட்டுகிறது, அவனே மத்தேயு என்போரும் உளர். இரண்டாம் விளக்கத்தின்படி, அழைக்கப்பட்டவன் இன்னும் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. எவ்வாறாயினும், அழைப்பு எழுந்துவிட்டது, மறுமொழி இன்னும் வரவில்லை என்ற இடைக்கணத்தில் ஓவியர் காட்சியை நிறுத்தியிருக்கிறார். மத்தேயு 9:9 ஒரே வசனத்தில் கடந்துசெல்லும் தருணத்தை அவர் நம்முன் நீட்டித்து வைக்கிறார்.

அதே நகரில் சாந்தா மரியா தெல் போபோலோ ஆலயத்துக்கென அவர் வரைந்த 'பவுலின் மனந்திரும்புதல்' இன்னும் ஆழமானது. இப்பொருளில் அவர் இரு ஓவியங்களைத் தீட்டினார். முதலாவதில், தேவதூதன் தாங்க, கிறிஸ்து மேலிருந்து கைநீட்டிக் குனிகிறார். இன்று அவ்வாலயத்தில் காணப்படும் இரண்டாவதில் கிறிஸ்துவின் உருவமே இல்லை. படத்தின் பெரும்பகுதியைக் குதிரை நிரப்புகிறது. முதிய வேலையாள் ஒருவர் அதன் கடிவாளத்தைப் பிடித்துள்ளார். தரையில் பவுல் கண் மூடி, இரு கைகளையும் விரித்துக் கிடக்கிறார். குதிரைக்காரர் ஒன்றும் உணரவில்லை. நடப்பதெல்லாம் பவுலின் உள்ளத்தில் நடக்கிறது, அதற்கு ஒரே வெளிச்சான்று ஒளி (2 கொரி. 4:6). காணப்படாதவரை வரையாமலே அவருடைய பிரசன்னத்தை உணர்த்த இயலும் என்பதை, உருவங்களைப்பற்றி எச்சரிக்கையுள்ள நாம் கவனிக்கத் தக்கது. அப்போஸ்தலர் நடபடிகளில் குதிரை குறிப்பிடப்படவில்லை என்பதையும் இவ்விடத்தில் மாணவர்கள் மனத்திற்கொள்வார்களாக. ஓவிய மரபில் வந்த செய்தியைத் திருமறைச் செய்தியென மேடையில் கூறிவிடுவது எளிதில் நேரக்கூடியது.

3. எளிய பொருள்களும் குறியீடுகளும்

இக்காலத்துக் குறியீடுகள் பெரும்பாலும் வீட்டுப் பொருள்களிலேயே ஒளிந்திருக்கின்றன. மண்டையோடு மரணத்தையும், சிலுவையடியில் வரும்போது ஆதாமையும் நினைவூட்டும். எரியும் மெழுகுவர்த்தி வாழ்வின் நிலையாமையைக் குறிக்கும். தைலச் சிமிழ் மகதலேனா மரியாளின் அடையாளம்.

கரவாஜியோ 1601இல் வரைந்த, தற்போது இலண்டன் தேசிய ஓவியக் கூடத்திலுள்ள 'எம்மாவூர் இராப்போஜனம்' இம்முறைக்கு நல்ல சான்று. மேசைமேல் அப்பம், இரசம், சமைத்த கோழி, பழக்கூடை ஆகியவை உள்ளன. திராட்சை நற்கருணையையும், மாதுளை உயிர்த்தெழுதலையும், ஆப்பிள் ஆதாமின் வீழ்ச்சியையும் குறிக்கும் மரபு உண்டு. ஆனால் அவை முதலில் உண்மையான பழங்கள். பழுதுற்றவையும் அவற்றுள் உண்டு. கூடை மேசை விளிம்பில் விழுந்துவிடும்போல் நீட்டி நிற்கிறது. வலப்புறச் சீஷர் கைகளை விரிக்கிறார்; அது வியப்பின் மெய்ப்பாடு, அதே வேளையில் சிலுவையின் வடிவம். இடப்புறச் சீஷர் நாற்காலியைப் பற்றி எழ முயல்கிறார்; அவருடைய சட்டையின் முழங்கை கிழிந்துள்ளது. தாடியில்லாத இளமுகத்துடன் இயேசு அமர்ந்திருக்கிறார். அவர் வேறு உருவில் தோன்றினார் என்ற மாற்கு 16:12 இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. சத்திரக்காரரோ தலையில் குல்லாவுடன் ஒன்றும் விளங்காமல் பார்த்து நிற்கிறார். அவர் கண்டதும் சீஷர் கண்டதும் ஒரே கை, ஒரே அப்பம். ஆனால் சீஷரின் உள்ளம் வழியிலேயே வேதவாக்கியங்களால் கொழுந்துவிட்டெரிந்திருந்தது (லூக்கா 24:32). கேட்டவர்களே கண்டுகொண்டனர். மேசையின் நம் பக்கம் காலியாக விடப்பட்டுள்ளதையும் காண்க. அது பார்ப்பவருக்குரிய இடம்.

பிரான்சு நாட்டு ஓவியர் ஜார்ஜ் தெ லா தூர் 1642ஐ ஒட்டித் தீட்டிய 'தச்சனாகிய யோசேப்பு' பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. முதிய யோசேப்பு குனிந்து மரத்தில் துளையிடுகிறார். சிறுவன் இயேசு மெழுகுவர்த்தி பிடிக்கிறார். சுடரை மறைக்கும் அவருடைய விரல்களின் ஊடாக ஒளி சிவந்து கசிகிறது. துளையிடப்படும் மரம் சிலுவையை முன்னறிவிக்கிறது. யாரும் அழவில்லை. ஆயினும் யோசேப்பின் நெற்றிச் சுருக்கங்களைக் கண்டபின் அப்படத்தைவிட்டு எளிதில் அகல இயலாது.

ஸ்பானிய ஓவியர் சுர்பரான் 1635-1640 காலத்தில் வரைந்த 'தேவ ஆட்டுக்குட்டி' இன்னும் சுருக்கமானது. கருமையான பின்புலம், சாம்பல் நிறப் பலகை, கால்கள் கட்டப்பட்ட உயிருள்ள ஓர் ஆட்டுக்குட்டி ஆகிய இவை மட்டுமே மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்திலுள்ள அப்படத்தில் உண்டு. இரத்தம் இல்லை, கொடி இல்லை. ஏசாயா 53:7ஐயும் யோவான் 1:29ஐயும் அறிந்தவர்க்கு அது ஒரு முழுப் பிரசங்கம். அறியாதவர்க்கு அது ஓர் ஆடு. குறியீடு வார்த்தையைச் சார்ந்தே நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

4. இரு சிலுவையேற்றங்கள்

மெய்ப்பாட்டின் இரு வேறு வழிகளைக் காண, ஒரே பொருளில் அமைந்த இரு ஓவியங்களை ஒப்பிடுவோம்.

அந்துவர்ப்பு நகரின் ஆலயங்களில் 1566இல் உருவங்கள் உடைக்கப்பட்டன. 1585இல் ஸ்பானியர் நகரைக் கைப்பற்றியபின் ஆலயங்களுக்கு மீண்டும் பீட ஓவியங்கள் தேவைப்பட்டன. அச்சூழலில் ரூபன்ஸ் 1610-1611இல் 'சிலுவை உயர்த்தப்படுதல்' என்னும் முப்பகுதி ஓவியத்தை வரைந்தார். நடுப்பகுதி மட்டும் ஏறத்தாழ 4.6 மீட்டர் உயரமுடையது. தசை முறுகிய ஆட்கள் முழுவலிமையுடன் சிலுவையை மூலைவாட்டாகத் தூக்குகின்றனர். கிறிஸ்துவின் கண்கள் வானத்தை நோக்குகின்றன. இடப்பகுதியில் பெண்கள் புலம்புகின்றனர். திருப்பீடத்துக்கு மேல் வைக்கப்பட்ட இப்படத்தின்முன் முழங்காற்படியிட்டவர், பலியின் பாரத்தைத் தம் உடலிலேயே உணர்ந்திருப்பர்.

ரெம்பிராண்ட் 1633ஐ ஒட்டி இதே காட்சியை வரைந்தார். மியூனிக் நகரிலுள்ள அப்படத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஒல்லாந்தின் சீர்திருத்த ஆலயங்கள் பீட ஓவியங்களை ஏற்கவில்லை. இது ஆட்சித்தலைவரான பிரெடரிக் ஹென்றிக்கின் ஓவியத் தொகுப்புக்காக வரையப்பட்டது. இங்கும் சிலுவை மூலைவாட்டாக எழுகிறது. ஆனால் அதைத் தூக்குவோரிடையே 17ஆம் நூற்றாண்டு உடையும் தலைத்தொப்பியும் அணிந்த ஒருவர் ஒளியில் நிற்கிறார். அம்முகம் ரெம்பிராண்டின் முகமே. கிறிஸ்துவை அறைந்தவர் யூதரல்லர், போர்வீரரல்லர், என் பாவமே அவரை அறைந்தது என்ற சிந்தனையை ஒல்லாந்துச் சீர்திருத்த ஆயரும் கவிஞருமான யாக்கோபுஸ் ரேவியுஸ் 1630இல் வெளியிட்ட தம் தொகுப்பில் பாடியிருந்தார். அதையே ரெம்பிராண்ட் தூரிகையால் அறிக்கையிட்டார்.

ரூபன்சின் ஓவியம் பாடுபடும் கிறிஸ்துவின்மேல் நம் வியப்பையும் இரக்கத்தையும் எழுப்புகிறது. ரெம்பிராண்டின் ஓவியம் நம்மைக் குற்றவாளியாக அங்கே நிறுத்துகிறது. முன்னதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. வழிபாட்டில் வியப்புக்கும் இடமுண்டு. எனினும் இரக்கம் மட்டும் போதாது என்பதைப் பின்னது நினைப்பூட்டுகிறது.

அத்தொகுப்பைப்பற்றி 1639இல் எழுதிய கடிதமொன்றில், தாம் தேடியது மிகப் பெரியதும் மிக இயல்பானதுமான 'அசைவு' என்று ரெம்பிராண்ட் குறிப்பிட்டார். அவ்வொல்லாந்துச் சொல் உடலின் அசைவைக் குறிக்கிறதா, உள்ளத்தின் நெகிழ்ச்சியைக் குறிக்கிறதா என்று அறிஞர் விவாதிப்பர். மெய்ப்பாடு என்னும் சொல்லை உடைய நமக்கு, அவ்விரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கக்கூடும் என்று கருதுவது கடினமன்று.

5. கேட்கப்படும் வார்த்தையும் காணப்படும் அன்பும்

1641இல் ரெம்பிராண்ட் மென்னோனைட் பிரசங்கியாரான கொர்னேலிஸ் அன்ஸ்லோவையும் அவர் மனைவியையும் வரைந்தார். அவ்வோவியம் பெர்லினில் உள்ளது. மேசைமேல் பெரிய நூல் திறந்திருக்கிறது. அருகில் மெழுகுவர்த்தித் தண்டு. அன்ஸ்லோ பேசுகிறார், அவர் நீட்டிய கை படத்தின் நடுவே நிற்கிறது. மனைவி தலைசாய்த்துக் கேட்கிறார். அன்ஸ்லோவின் சிறப்பு அவருடைய குரலிலேயே உள்ளது, ஆதலால் ஓவியர் குரலையே வரைய வேண்டும் என்ற கருத்தில் கவிஞர் வொண்டல் ஒரு சிறு பா இயற்றினார். குரலை வரைய இயலாது. ஆனால் கேட்பவரின் முகத்தை வரையலாம். ரெம்பிராண்ட் அதைத்தான் செய்தார். வார்த்தையின் வல்லமை பேசுபவர் வாயிலன்று, கேட்பவர் முகத்தில் புலப்படுகிறது.

அவருடைய இறுதிக் காலத்தில், 1668ஐ ஒட்டி வரையப்பெற்ற 'கெட்ட குமாரனின் திரும்புதல்' இன்று சென்பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரெம்பிராண்ட் 1642இல் மனைவி சாஸ்கியாவை இழந்தார். 1668 செப்டம்பரில் மகன் தீத்துஸ் இறந்தார். 1669 அக்டோபரில் தாமும் மறைந்தார். இப்படத்தில் ஓட்டமில்லை, கூச்சலில்லை. லூக்கா 15:20இல் தகப்பன் ஓடிவருகிறார். இங்கோ அவர் ஏற்கெனவே வந்து சேர்ந்து, குனிந்து நிற்கிறார். மகனின் தலை மழிக்கப்பட்டிருக்கிறது. தேய்ந்த செருப்பொன்று காலினின்று கழன்றுள்ளது. இடுப்பில் ஒரு சிறு கத்தி மட்டும் எஞ்சியுள்ளது. தகப்பனின் பார்வை மங்கியதுபோல் தோன்றுகிறது. அவர் கைகளால் மகனை அறிகிறார். வலப்புறத்தில் மூத்த மகன் என்று கருதப்படுபவர் கைகளைக் கோத்து நிமிர்ந்து நிற்கிறார். அவர் முகத்திலும் ஒளி விழுகிறது, ஆனால் அவர் அசையவில்லை.

தகப்பனின் கைகளுள் ஒன்று அகன்றதாகவும் மற்றது மெல்லியதாகவும் இருப்பதால், தந்தையின் கையும் தாயின் கையும் இங்கு இணைகின்றன என்று பிற்காலத்தார் பலர் விளக்கியுள்ளனர். ஏசாயா 66:13இன் ஒளியில் அது அழகிய தியானம். எனினும் ஓவியரின் நோக்கம் அதுவே என்று அறுதியிட்டுரைக்கச் சான்றில்லை. தியானத்தைத் தியானமாகவே கூறுவது நேர்மையாகும்.

6. கண்ணீரைச் சோதித்தறிதல்

உணர்ச்சியை எழுப்பும் கலைக்கு ஓர் ஆபத்து உண்டு. விழியில் திரண்ட கண்ணீர், வானத்தை நோக்கிய பார்வை, மார்பில் வைத்த கை ஆகியவை 17ஆம் நூற்றாண்டிலேயே வாய்பாடுகளாகிவிட்டன. 1668இல் பிரான்சு நாட்டு ஓவியர் லெ பிரன், ஒவ்வோர் உணர்ச்சிக்கும் புருவமும் வாயும் எவ்வாறு அமையவேண்டும் என்று ஓவியக் கழகத்தில் விரிவுரையாற்றினார். விதியாகிவிட்ட மெய்ப்பாடு உள்ளத்தைத் தொடாது. அன்றியும், உணராததை உணர்ந்ததாக நம்பச் செய்யும். இந்த ஆபத்தினின்று பிரசங்கமேடையும் தப்பவில்லை.

தம்மைப் பின்தொடர்ந்து புலம்பிய எருசலேமின் குமாரத்திகளை நோக்கி, தமக்காக அழவேண்டாம், தங்களுக்காகவும் தங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்று ஆண்டவர் கூறினார் (லூக்கா 23:28). அவர் கண்ணீரைத் தடுக்கவில்லை. அதன் திசையை மாற்றினார். அந்த ஒரு சொல்லே நமக்கு அளவுகோல். நாம் கண்ட ஓவியங்களிலிருந்து மூன்று சோதனைகளை வகுக்கலாம்.

முதலாவது, உணர்ச்சி வசனத்திலிருந்து பிறக்கிறதா? சுர்பரானின் ஆட்டுக்குட்டி வேதத்தை விட்டுப் பேசுவதில்லை. ஆணிகளின் நீளத்தையும் இரத்தத்தின் அளவையும் நற்செய்தியாளர் கூறாதிருக்க, நாம் விரித்துரைப்பது எதற்காக என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கேட்பவர் காட்சிக்கு வெளியே நிற்கிறாரா, உள்ளே வருகிறாரா? எம்மாவூர் மேசையில் ஒரு பக்கம் திறந்திருந்தது; ரெம்பிராண்ட் தம்மையே சிலுவையடியில் நிறுத்தினார். பிரசங்கியும் முதலில் அங்கே நிற்க வேண்டியவனே.

மூன்றாவது, மறுமொழிக்கு இடம் விடப்படுகிறதா? மத்தேயு எழுவதற்கு முந்திய கணத்தில் கரவாஜியோ நிறுத்தினார். சபை அழும்வரை விடாது தொடரும் பிரசங்கம் ஆவியானவர் செயல்பட வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது.

முடிவுரை

தங்கள் கண்களுக்கு முன்பாகவே இயேசு கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்டவராகக் காட்டப்பட்டதைக் கலாத்தியருக்குப் பவுல் நினைவூட்டுகிறார் (கலா. 3:1). அவர் அங்கு ஓவியம் எதுவும் கொண்டுசெல்லவில்லை, பிரசங்கம் பண்ணினார். அங்கு அவர் வழங்கும் கிரேக்கச் சொல் 'எழுது' என்னும் வினையடியிலிருந்து வந்தது. அவ்வினை வரைதலையும் குறிக்கக்கூடியது. தமிழிலும் நூலை எழுதுகிறோம், ஓவியத்தையும் எழுதுகிறோம். ஹைடல்பர்க் வினாவிடை கோரிய உயிருள்ள பிரசங்கம் வறண்ட கோட்பாட்டுரையாக இருக்கவேண்டுமென்று அவ்வினாவிடை கூறவில்லை. உருவங்களை ஆலயத்தினின்று அகற்றிய மரபு, அவற்றின் பணியைப் பிரசங்கத்தின்மேல் சுமத்தியிருக்கிறது.

ஆகவே, இறையியல் மாணவர்கள் இவ்வோவியங்களின் அச்சுப் படிகள் கிடைக்கும்போது வேதப்பகுதியை அருகில் திறந்துவைத்துக்கொண்டு பொறுமையோடு நோக்குவது பயன்தரும். எது வசனத்திலுள்ளது, எது மரபில் வந்தது, எது ஓவியரின் விளக்கம் என்று பிரித்தறியப் பழகுவார்களாக. அப்பழக்கம் தம் சொந்தப் பிரசங்கத்தையும் அவ்வாறே ஆராயக் கற்பிக்கும். அடுத்த பெரிய வெள்ளியன்று சபையார் அழுதாலும் அழாவிட்டாலும், அறையப்பட்டவரின் முன்னிலையில் தாங்கள் நின்றதை அறிந்து வீடு திரும்புவார்களாயின், ஆயரின் பணி நிறைவேறியதாகும்.